உடம்புக் கொழுப்பைக் குறைக்கப் போகும் பெண்களுக்கு: எதை முதலில் செய்வது, எந்த டெஸ்டை எந்த நாளில் எடுப்பது, எவ்வளவு செலவாகும்

போன வருடம் பொங்கல் முடிந்த கையோடு உடம்பைக் குறைக்கக் கிளம்பினேன். முதல் ஐந்து மாதத்தில் 23,000 ரூபாய்க்கு மேல் போனது. இடுப்பு ஒரு இஞ்ச்கூடக் குறையவில்லை. ஜிம்மில் பணம் கட்டினேன், பிறகு டயட், பிறகு ரத்தப் பரிசோதனை, எல்லாம் போன பிறகுதான் டாக்டர். இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட்டிருந்தால் பாதிப் பணமும் நாலு மாதமும் மிஞ்சியிருக்கும். எனக்கு 39 வயது, மதுரையில் அலுவலக வேலை, இரண்டு பிள்ளைகள், ஏழு வருடமாகத் தைராய்டு மாத்திரை. என் நிலைமையில் இருப்பவர்கள் நிறையப் பேர் என்பதால்தான் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கர்ப்பமாக இருப்பவர்கள் இதைத் தொடவே வேண்டாம். பால் கொடுக்கும் அம்மாக்களுக்கு முதல் ஆறு மாதம் தினமும் சுமார் 600 கலோரி கூடுதலாகவே தேவைப்படுகிறது. அப்போது பட்டினி கிடக்கக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கீழே நான் சொல்லும் புரதக் கணக்கை டாக்டரிடம் கேட்காமல் பின்பற்ற வேண்டாம்.

1. எடை மெஷினுக்கு முன்னால் இஞ்ச் டேப்

தையல் கடையில் 20 ரூபாய்க்குக் கிடைக்கும் டேப் போதும். காலையில் வெறும் வயிற்றில், பாத்ரூம் போய்விட்டு வந்து அளக்க வேண்டும். நைட்டி மேல் சுற்றாமல் தோலின் மேல் வைத்து அளங்கள்.

எங்கே அளப்பது என்பதில்தான் நம்மில் முக்கால்வாசிப் பேர் தப்பு செய்கிறோம். பாவாடை நாடா கட்டுகிற இடத்தில் டேப்பைச் சுற்றுகிறோம். அது தொப்புளுக்குக் கீழே, சில பேருக்கு மூன்று விரல் கீழே. சரியான இடம் அதுவல்ல. பக்கவாட்டில் கையை வைத்து, கடைசி விலா எலும்பைத் தொட்டுப் பாருங்கள். அப்படியே கீழே இறக்கினால் இடுப்பெலும்பின் மேல் விளிம்பு தட்டுப்படும். இரண்டுக்கும் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி. மூச்சை இயல்பாக வெளியே விட்டு, வயிற்றை உள்ளே இழுக்காமல், அந்தப் புள்ளி மேல் டேப் முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி சுற்றி அளங்கள். இரண்டு முறை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது 31.5 இஞ்ச்தான் எல்லைக்கோடு. அதைத் தாண்டினால் வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் உயரத்தில் பாதிக்குமேல் இடுப்பு இருந்தாலும் அதே அர்த்தம்தான்.

பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. போனில் உள்ள பல ஆப்கள் 25க்கு மேல்தான் அதிக எடை, 30க்கு மேல்தான் உடல் பருமன் என்று காட்டும். நம் ஊர் உடம்புக்கு டாக்டர்கள் வைத்திருக்கும் அளவு 23, 25. எனக்கு ஆப் பச்சை நிறம் காட்டிய காலத்திலேயே சர்க்கரை எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

தொடையிலும் பின்பக்கத்திலும் இருக்கும் சதையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் பெண்ணுடம்பில் கொழுப்பை அங்கேதான் சேர்க்கும். வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு அளவுக்கு அது கெடுதல் செய்யாது. உயிர் வாழவே ஆணுக்கு 2 முதல் 5 சதவீதம் கொழுப்பு போதும் என்றால், பெண்ணுக்கு 10 முதல் 13 சதவீதம் வேண்டும். அதனால் கணவருடைய சதவீதத்தோடு உங்களுடையதை ஒப்பிடாதீர்கள்.

2. கொழுப்பு சதவீதம் சொல்லும் மெஷினை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

ஜிம்மில் வெறுங்காலோடு ஏறி நின்று, இரண்டு கையிலும் கைப்பிடியைப் பிடித்தால் சீட்டு வருமே, அந்த மெஷின்தான். உடம்புக்குள் மிக லேசான மின்சாரம் அனுப்பி, எவ்வளவு நீர் இருக்கிறது என்று கணக்கிட்டு, அதிலிருந்து கொழுப்பை ஊகிக்கிறது. நீர் குறைந்திருந்தால் கொழுப்பு கூடுதலாகக் காட்டும்.

நான் ஏறி நின்றது சஷ்டி விரத நாள். காலையிலிருந்து தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்கவில்லை. 42.6 சதவீதம் என்று சீட்டு வந்தது. அந்த எண்ணைப் பார்த்த பயத்தில் ஆறு மாதத்துக்கு 18,000 ரூபாய் கட்டினேன். பத்து நாள் கழித்து அதே மெஷினில் 38.9. பத்து நாளில் அவ்வளவு கொழுப்பு யாருக்கும் கரையாது.

பார்த்தே ஆக வேண்டுமென்றால் எப்போதும் ஒரே மெஷின், ஒரே நேரம், காலை வெறும் வயிறு, முந்தின நாள் வழக்கம்போல் தண்ணீர், மாதவிலக்குக்கு முந்தைய வாரம் வேண்டாம். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும் கர்ப்பிணிகளும் இதில் ஏறக் கூடாது.

இதைவிடத் துல்லியம், லேசான எக்ஸ்ரேயால் எலும்பு, தசை, கொழுப்பை அளக்கும் டெக்ஸா ஸ்கேன். நான் விசாரித்த இடங்களில் 2,500 முதல் 4,500 வரை கேட்டார்கள். போனில் கேட்கும்போதே "எலும்பு அடர்த்தி வேண்டாம், முழு உடம்பின் கொழுப்பு, தசை அளவு வேண்டும், போடுவீர்களா?" என்று தெளிவாகக் கேளுங்கள். டெக்ஸா என்று மட்டும் சொன்னால் இடுப்பையும் முதுகெலும்பையும் எடுத்து எலும்பு ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்துவிடுவார்கள். என் அபிப்பிராயம், நம்மில் பெரும்பாலோருக்கு இது தேவையில்லை. இஞ்ச் டேப் போதும்.

3. டாக்டரிடம் போகும் முன் ஒரு ஃபைல்

டாக்டர் அறையில் நமக்குக் கிடைப்பது பத்து நிமிடம். கையில் காகிதம் இருந்தால்தான் அது உருப்படியாகப் போகும். ஃபைலில் இருக்க வேண்டியவை:

- கடைசி ஆறு மாதம் மாதவிலக்கு தொடங்கிய தேதிகள், எத்தனை நாள் போனது
- இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டை. முடி கொட்டுவதற்கு, தூக்கத்துக்கு, சத்துக்கு என்று நாமே வாங்கிப் போடுவதும் இதில் சேரும்
- பழைய ரத்த ரிப்போர்ட்டுகள், பிரசவ டிஸ்சார்ஜ் சம்மரி. கர்ப்பத்தில் சர்க்கரை வந்திருந்தால் அது மிக முக்கியம்
- அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்களுக்குச் சர்க்கரை, தைராய்டு, இதய நோய் இருக்கிறதா என்ற குறிப்பு
- கல்யாணத்தின்போது, ஒவ்வொரு பிரசவத்துக்குப் பின், இப்போது என்று எடை, இடுப்பளவு

முதலில் போக வேண்டியது பொது மருத்துவரிடம். மாதவிலக்கு 35 நாளைத் தாண்டித் தாண்டி வந்தால், அல்லது வருடத்தில் எட்டு முறைக்கும் குறைவாக வந்தால், மகப்பேறு மருத்துவர். அவர்கள் எழுதிக் கொடுத்தால் மட்டும் ஹார்மோன் நிபுணர். தனியாரில் ஃபீஸ் 300 முதல் 1,000 வரை இருக்கிறது.

மூட்டு வலிக்கோ ஆஸ்துமாவுக்கோ ஸ்டீராய்டு எடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். வலிப்பு, மன அழுத்த மாத்திரைகளில் சிலவும் எடையைக் கூட்டும். ஆனால் நீங்களாக அவற்றை நிறுத்திவிடாதீர்கள். சில மாதத்துக்குள் எடை மளமளவென்று கூடி, வயிற்றில் ஊதா நிறத்தில் அகலமான கோடுகள் தெரிந்தால், டயட்டெல்லாம் அப்புறம். நேராக டாக்டரைப் பாருங்கள்.

4. ரத்தப் பரிசோதனை: பட்டியலைவிட நாள் முக்கியம்

நான் அதிகமாக அடிபட்டது இங்கேதான்.

டாக்டரைப் பார்க்காமல், 80 டெஸ்ட் சேர்ந்த பேக்கேஜ் ஒன்றை 2,999 ரூபாய்க்கு வீட்டிலிருந்தே புக் செய்தேன். ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) மிகக் குறைவு, டி4 (தைராய்டு ஹார்மோன்) அதிகம். மாத்திரை டோஸ் கூடிவிட்டதோ என்று நானே பாதியாகக் குறைத்தேன். மூன்று வாரத்தில் உடம்பு தூக்க முடியாத அசதி. பிறகு போன டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்க்கும் முன் என் மாத்திரை அட்டைகளைத்தான் கேட்டார். முடி கொட்டுகிறதென்று நான் போட்டுக்கொண்டிருந்த பயோட்டின் மாத்திரையைத் தனியே எடுத்து மேசையில் வைத்தார். "இதாம்மா காரணம். இதை நிறுத்திட்டு மறுபடி எடுங்க." பயோட்டின் சில லேப் மெஷின்களில் தைராய்டு கணக்கையே மாற்றிக் காட்டிவிடும். குறைந்தது இரண்டு, மூன்று நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும். மறுபடி எடுத்தபோது என் பழைய டோஸ் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

இரண்டாவது அடி, ஹார்மோன் டெஸ்டில். சினைப்பையை இயக்கும் ஹார்மோன்களான எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டையும் மாதவிலக்கின் 2ஆம் நாளிலிருந்து 5ஆம் நாளுக்குள் காலையில் எடுக்க வேண்டும். நன்றாகப் போக்கு தொடங்கிய நாள்தான் முதல் நாள். லேசாகக் கறை பட்ட நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நான் 17ஆம் நாள் போய் நின்றேன். ரத்தம் எடுத்த பிறகுதான் லேப் பெண் கேட்டது, "அக்கா, இன்னைக்கு எத்தனாவது நாள்?" சொன்னதும் அதன் முகம் மாறிவிட்டது. 1,400 ரூபாய் போனது. மறு மாதம் திரும்பக் கட்டினேன். மாதக்கணக்கில் விலக்கே வராதவர்கள் இந்த நாள் கணக்குக்காகக் காத்திருக்க வேண்டாம். முதலில் கர்ப்பப் பரிசோதனை, அதன் பிறகு டாக்டர் சொல்லும் நாள். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்; ஹார்மோன் அளவுகள் அதனால் மாறும்.

பொதுவாகத் தேவைப்படுவது இவ்வளவுதான். மதுரையில் நான் கொடுத்த விலையும் பக்கத்தில் இருக்கிறது, ஊருக்கு ஊர் மாறும்: ரத்த அணுக்கள் 300, டி.எஸ்.எச். 300, மூன்று மாதச் சர்க்கரை சராசரி (எச்.பி.ஏ.1சி.) 500, வெறும் வயிற்றுச் சர்க்கரை 60, கொழுப்பு வகைகள் 600. விலக்கு ஒழுங்காக இல்லாவிட்டால் மட்டும் எல்.எச்., எஃப்.எஸ்.எச்., புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்), டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்). 80 டெஸ்ட் பேக்கேஜ் வேண்டாம். அத்தனை எண்ணில் எதாவது ஒன்று சிவப்பில் வரத்தான் செய்யும், அதைத் துரத்திக்கொண்டு அலைய வேண்டியிருக்கும்.

ரிப்போர்ட் பார்க்க: மூன்று மாதச் சராசரி 5.7 முதல் 6.4 வரை சர்க்கரைக்கு முந்தைய நிலை, 6.5 தொட்டால் சர்க்கரை நோய். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே என்றால் ரத்தசோகை. அதைச் சரி செய்யாமல் ஜிம்முக்குப் போனால் மூச்சு வாங்கும், பத்து நாளில் விட்டுவிடுவீர்கள்.

தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் ரத்தம் கொடுத்த பிறகு அன்றைய மாத்திரையைப் போடுங்கள். தினமும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். டோஸ் மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் மறு டெஸ்ட். அதற்கு முன் எடுப்பது வீண்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். தைராய்டு குறைவால் மட்டும் கூடும் எடை பொதுவாக 2 முதல் 5 கிலோதான், அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். 15 கிலோவுக்கும் தைராய்டைக் காரணம் சொல்லிக்கொண்டு நான் நாலு வருடம் கடத்தினேன்.

பணம் இல்லையென்றால் தயங்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் இலவசமாகப் பார்ப்பார்கள். மற்றவற்றுக்கு அரசு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். வருமான வரி கட்டுபவர்கள் பழைய வரி முறையில் இருந்தால், தடுப்புப் பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரை வருமானத்தில் கழித்துக் காட்டலாம். லேப் ரசீதை உங்கள் பெயரில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

5. பிசிஓடி ஸ்கேன்

ஸ்கேனில் நீர்க்கட்டி தெரிந்தது என்பதாலேயே பிசிஓடி (சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு) என்று முடிவு கட்ட முடியாது. விலக்கு ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் கூடுதல் (மீசை, தாடை முடி, விடாத பரு அல்லது ரத்த அளவு), சினைப்பையின் தோற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். ஸ்கேனுக்கு 800 முதல் 1,500 ஆகும். ஒரு மணி நேரம் முன்பே தண்ணீர் குடித்து, சிறுநீர் முட்டும் நிலையில் போக வேண்டும். கல்யாணம் ஆகாத பெண்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வயிற்றின் மேல் வைத்தே எடுப்பார்கள். பிசிஓடி உள்ளவர்களுக்கு எடையில் 5 சதவீதம் குறைந்தாலே பலருக்கு விலக்கு ஒழுங்காகத் தொடங்கும். 80 கிலோ என்றால் 4 கிலோ.

6. சாப்பாடு: சோற்றைத் திட்டுவதற்கு முன் எண்ணெயை அளங்கள்

எங்கள் வீட்டில் நாலு பேருக்கு மாதம் நாலு லிட்டர் எண்ணெய் ஆகிக்கொண்டிருந்தது. ஆளுக்கு ஒரு லிட்டர். அதை முப்பதால் வகுத்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 270 கலோரி, கண்ணுக்கே தெரியாமல். இப்போது இரண்டு லிட்டரில் ஓடுகிறது. பாட்டிலிலிருந்து சாய்ப்பதை நிறுத்தி ஸ்பூனால் விட்டேன், அவ்வளவுதான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி என்பதை அடுப்புக்கு மேலே எழுதி ஒட்டுங்கள்.

அடுத்தது புரதம். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) பரிந்துரைக்கும் அளவு, கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம். எடை குறைக்கும்போது தசை கரையாமல் இருக்க 1 முதல் 1.2 கிராம் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எனக்கு அப்போது 74 கிலோ. ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். காலையில் நாலு இட்லி சாம்பார், மதியம் சோறு, குழம்பு, பொரியல், மோர், ராத்திரி தோசை. எல்லாம் கூட்டி 40 கிராம்கூட வரவில்லை. வயிறு நிறைந்திருந்தது, தசைக்குத்தான் ஒன்றும் போகவில்லை.

மாற்றியது இவ்வளவுதான்: காலையில் இட்லி இரண்டாகக் குறைந்து இரண்டு முட்டை சேர்ந்தது (12 கிராம்). மதியம் சோறு ஒரு கப், பருப்பு கெட்டியாக ஒரு கப், கூடவே மீனோ கோழியோ, சைவ நாளில் சோயா உருண்டை. உலர்ந்த சோயா 100 கிராமில் 50 கிராமுக்கு மேல் புரதம், விலையும் குறைவு. சாயங்காலம் பஜ்ஜிக்குப் பதில் கொண்டைக்கடலைச் சுண்டல். ராத்திரி தோசை இரண்டு, ஒரு கிண்ணம் தயிர்.

அத்தைக்கு மனசே ஆகவில்லை. "என்னம்மா, சோத்தைக் குறைச்சா உடம்பு தாங்குமா?" என்றார். "சோறு கொஞ்சம்தான் குறைஞ்சிருக்கு அத்தை, பருப்பு கூடியிருக்கு" என்று தட்டைக் காட்டினேன். இப்போது சுண்டலுக்கு அவரே ராத்திரி ஊறப் போட்டுவிடுகிறார்.

ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. தினமும் 400 குறைத்தால் மாதம் ஒன்றரை கிலோ. இதைவிடப் பல மடங்கு வேகமாக வாக்குக் கொடுப்பவர் யாராக இருந்தாலும், அவர் குறைக்கப் போவதில் நீரும் தசையும் நிறைய இருக்கும். டாக்டர் மேற்பார்வை இல்லாமல் 1,200 கலோரிக்குக் கீழே போகாதீர்கள்.

7. உடற்பயிற்சி: நடை மட்டும் போதாது

வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றித் தினமும் காலையில் நடந்தேன். மூச்சு நன்றாயிற்று, தூக்கம் நன்றாயிற்று. இடுப்பு அசையவில்லை. நடை வாரத்துக்கு 150 நிமிடம் அவசியம்தான். அதோடு வாரத்தில் இரண்டு, மூன்று நாள் தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். முப்பது வயதுக்குப் பிறகு மெல்ல மெல்லத் தசை குறைந்துகொண்டே வரும், பெண்களுக்கு விலக்கு நிற்கும் காலத்தை ஒட்டி எலும்பும் சேர்ந்து தேயும்.

நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, முதுகை நேராக வைத்துக் குனிந்து எடை தூக்குவது, பை மாதிரி எடையைத் தன் பக்கம் இழுப்பது. ஒவ்வொன்றும் 10 முறை, மூன்று சுற்று. 2 கிலோ, 5 கிலோ டம்பெல் ஜோடிகள் எனக்கு 1,600 ஆனது. பத்து முறை சுலபமாகிவிட்டால் எடையைக் கூட்டுங்கள். எடை தூக்கினால் ஆண் மாதிரி ஆகிவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். அதற்கு வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் நம்மிடம் மிகக் குறைவு. வயிற்றுப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் தனியாகக் கரையும் என்பதும் உண்மையில்லை.

இருமும்போது, குதிக்கும்போது சிறுநீர் கசிந்தால், பிரசவத்துக்குப் பின் வயிறு நடுவில் பிளந்த மாதிரி புடைத்தால், எடை தூக்கும் முன் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். இதைச் சொல்ல வெட்கப்பட்டு நிறையப் பேர் பயிற்சியையே விட்டுவிடுகிறார்கள். சரி செய்யக்கூடியதுதான்.

ஜிம்மில் சேர்ந்தால் முதலில் ஒரு மாதம் மட்டும் கட்டுங்கள். பணம் திரும்பத் தருவார்களா என்பதை எழுத்தில் கேளுங்கள், ரசீது வாங்குங்கள். தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

8. மாத்திரை, பவுடர், பெல்ட்

கொழுப்பைக் கரைக்கும் மூலிகைப் பவுடர் என்று விற்கிறவற்றில் சிபுட்ரமைன் கலந்து பிடிபட்டிருக்கிறது. இதயத்தைப் பாதிக்கும் என்று இந்தியாவில் 2011இல் தடை செய்யப்பட்ட மருந்து அது. பாக்கெட்டில் உணவுத்துறை உரிம எண் 14 இலக்கத்தில் இருப்பது, அது வேலை செய்யும் என்பதற்குச் சான்று அல்ல. வியர்க்க வைக்கும் பெல்ட் நீரை மட்டும் வெளியேற்றும். புதிதாக வந்திருக்கும் எடை குறைப்பு ஊசிகள் உண்மையிலேயே வேலை செய்கின்றன, ஆனால் டாக்டர் சீட்டோடுதான். குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள், இந்த ஊசி மருந்துகளில் ஒன்றான செமாகுளூட்டைடைக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும்.

9. எப்போது எதைப் பார்ப்பது

முதல் இரண்டு வாரம் எடை சட்டென்று இறங்கும். அது பெரும்பாலும் நீர். விலக்குக்கு முந்தைய வாரம் 1 முதல் 2 கிலோ ஏறும்; அதுவும் நீர்தான். அந்த வாரம் மெஷினில் ஏறி மனம் உடைந்து போகாதீர்கள். விலக்கு முடிந்த மூன்றாம் நாள் என்று வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை மட்டும் எடையும் இடுப்பும் பாருங்கள். மூன்று மாதச் சர்க்கரை சராசரியை மூன்று மாதத்துக்குள் மறுபடி எடுக்க வேண்டாம்.

டயட்டும் பயிற்சியும் தொடங்கிய பிறகு விலக்கு தள்ளிப்போய் மூன்று மாதம் வராமல் இருந்தால், முடி கொத்தாகக் கொட்டினால், எழுந்து நின்றால் கண் இருட்டினால், உடம்புக்குச் சாப்பாடு போதவில்லை என்று அர்த்தம். உடனே சாப்பாட்டைக் கூட்டுங்கள், டாக்டரைப் பாருங்கள். விலக்கு நின்றதை ஒல்லியானதற்கு அடையாளமாகக் கொண்டாடும் இளம்பெண்களைப் பார்க்கிறேன். அந்த மாதங்களில் எலும்புதான் கரைகிறது.

நாற்பத்தைந்தை நெருங்குபவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறையக் குறைய, தொடையில் சேர்ந்த கொழுப்பு வயிற்றில் சேரத் தொடங்கும். எடை கூடாமலே இடுப்பு கூடும். அவர்கள் நடையைவிட எடைப் பயிற்சிக்கு முதலிடம் கொடுக்க வேண்டும்.

வரிசையை மாற்றித் தொடங்கிய பிறகு எனக்குப் பன்னிரண்டு வாரத்தில் எடை மூன்றரை கிலோதான் குறைந்தது. இடுப்பு 37 இஞ்சிலிருந்து 34 ஆனது. மூன்று மாதச் சராசரி 6.1லிருந்து 5.6. அடுத்த டெஸ்ட் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே "பயோட்டின் வேண்டாம், மாத்திரை ரத்தம் கொடுத்த பிறகு" என்று எழுதியும் வைத்திருக்கிறேன்.